தோர்தோஞ் நதியோரம் சைக்கிளில்: ஏற்றம்தான் முதல் மதில்

வெள்ளி: சூயாக்கிலிருந்து சார்லா

துலூஸில் காலை ரயில் பிடித்தோம். பிரான்ஸின் பிராந்திய ரயில்களில் சைக்கிளுக்கென்று ஒரு மூலை உண்டு. முன்சக்கரத்தைத் தூக்கி மேலே இருக்கும் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். என் வண்டி 14 கிலோ, பைகளைக் கழற்றிவிட்டால் சுலபம். அண்ணனுடையது பேட்டரி வைத்த மின்சைக்கிள், 25 கிலோ. "தம்பி, நீ பின்னாடி தள்ளு, நான் முன்னாடி தூக்குறேன்" என்று ஆரம்பித்தார். கடைசியில் எதிர் சீட்டிலிருந்த ஒரு பாட்டியும் கை கொடுத்துத்தான் அது கொக்கியில் ஏறியது.

அண்ணன் எனக்கு ஆபீஸில் சீனியர், விருதுநகர்க்காரர். துலூஸில் இருக்கிற தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எனக்கு ஊர் செஞ்சிக்குப் பக்கம். மலைக்கோட்டை என்றால் இருவருக்கும் ஒரு பைத்தியம். அதனால்தான் இந்தப் பயணம்.

தோர்தோஞ் நதி மத்திய பிரான்ஸின் பழைய எரிமலைப் பகுதியில் பிறந்து, 480 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே ஓடி, போர்தோ நகருக்கு வடக்கே கரோன் நதியோடு சேர்கிறது. இதன் நடுப்பகுதிக்குப் பெரிகோர் என்று பழைய பெயர். அங்கே சுண்ணாம்புப் பாறையை ஆறு அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. வளைவின் வெளிப்பக்கம் செங்குத்துப் பாறை, உள்பக்கம் வயல். பாறை இருக்கும் இடமெல்லாம் உச்சியில் ஒரு கோட்டை. காரில் வந்தால் ஒரே நாளில் நாலைந்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். சைக்கிளில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும்.

சூயாக்கில் இறங்கியதும் நேரே மடாலயக் கோயிலுக்குப் போனோம். மேலே பைசாந்தியப் பாணிக் குவிமாடங்கள். உள்ளே வாசலுக்குப் பக்கத்தில் 12ஆம் நூற்றாண்டு ஏசாயா தீர்க்கதரிசி சிற்பம். கால்களைப் பின்னி, இடுப்பை ஒடித்து, தாடி பறக்க ஆடுகிற மாதிரி நிற்கிறார். தீர்க்கதரிசி இப்படி ஆடுவாரா என்று அண்ணன் கேட்டார். சிற்பிக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

காஸூலெஸ் என்ற சிற்றூரிலிருந்து சார்லா வரை பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு தார் போட்டதுதான் வேலை. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் அந்தக் காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மட்டமாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தப் புண்ணியம் இப்போது நமக்கு. கார்லு என்ற ஊரின் பழைய ரயில் நிலையம் இன்று புகைப்படக்காரர் ரொபேர் துவானோவின் பெயரில் ஒரு காட்சிக்கூடம். 1936இல் பிரான்ஸில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்ததும் அவர் விடுமுறைக்கு வந்து இறங்கிய பகுதி இது.

இரு பக்கமும் அக்ரூட் மரங்கள், அதாவது வால்நட். அக்டோபர் தொடக்கம் என்பதால் அறுவடை நடந்துகொண்டிருந்தது. டிராக்டரிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு மரத்தை இடுப்பில் பிடிக்கிறது. சில விநாடிகள் குலுக்கு. மரமே தெரியாத அளவுக்குத் தூசி, கூடவே காய்கள் தடதடவென்று கொட்டுகிற சத்தம். பின்னால் இன்னொரு வண்டி தரையைக் கூட்டிக்கொண்டே வருகிறது. பாதையில் சிதறியிருந்த காய்களைச் சக்கரம் நசுக்கும்போது பச்சைத்தோலின் கசப்பு வாசனை வந்தது. அண்ணன் ஒன்றைப் பொறுக்கி உரித்தார். விரல் நுனியில் ஏறிய பழுப்புக் கறை இதை எழுதும்வரை போகவில்லை.

சார்லாவுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது.

சனி: சார்லா சந்தை, பிறகு தொம்

சனிக்கிழமை சார்லாவில் பெரிய சந்தை. நகரத்தின் நடுத்தெரு முழுக்கக் கடை. அதற்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை, விடுதியிலேயே பூட்டிவிட்டோம்.

சார்லா அழகாக இருப்பதற்குக் காரணம், பல காலம் யாரும் அதைச் சீண்டவில்லை என்பதே. பெரிய சாலையும் பெரிய தொழிலும் வராமல் ஏழ்மையில் கிடந்ததால், 15, 16ஆம் நூற்றாண்டு வீடுகளை இடித்துப் புதிது கட்ட யாரிடமும் பணம் இல்லை. 1962இல் கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ, ஒற்றைக் கட்டடத்தை மட்டுமல்லாமல் ஒரு முழுப் பழம்பேட்டையையே காப்பாற்றும் சட்டம் கொண்டுவந்தார். அது முதலில் நடைமுறைக்கு வந்த ஊர்களில் சார்லாவும் ஒன்று. நம்மூரில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் கடை கடையாக விலைக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தெருக்களில் நடக்கும்போது கொஞ்சம் வயிறு எரியும்.

பழைய சாந்த் மரீ தேவாலயம் இப்போது உள்ளரங்கச் சந்தை. கட்டடக் கலைஞர் ழான் நுவெல் இந்த ஊரில் வளர்ந்தவர். இடிந்த பக்கத்துக்கு அவர் வைத்த இரும்புக் கதவுகள் கோயில் கோபுரக் கதவையும் தோற்கடிக்கும் உயரம். உள்ளே பாலாடைக்கட்டி, காளான், அக்ரூட் எண்ணெய், மேசை மேசையாக வாத்துக் கல்லீரல். இந்த ஊரின் பெயரும் பணமும் அந்தக் கல்லீரலில் இருக்கிறது. வாத்தின் தொண்டையில் குழாய் வைத்து மக்காச்சோளம் திணித்து ஈரலைப் பருக்க வைக்கிறார்கள். ஊரே அதில் பிழைக்கிறது, குறை சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு இறங்கவில்லை. அண்ணனுக்கு அப்படி ஒரு தயக்கமும் இல்லை. ஒரு துண்டு ரொட்டியில் தடவிச் சாப்பிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.

மதியத்துக்குப் பிறகு தெற்கே கிளம்பினோம். வித்ராக் வரை இறக்கம், ஆற்றைப் பாலத்தில் தாண்டினால் செனாக். அங்கே நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் தொம். ஆற்றுக்கும் ஊருக்கும் 150 மீட்டர் உயரம்.

தொம் 1281இல் பிரான்ஸ் அரசன் மூன்றாம் பிலிப் நிறுவிய காவல் நகரம். இப்படித் திட்டம் போட்டுக் கட்டிய ஊர்களை இங்கே பஸ்தீத் என்பார்கள். வழக்கமாகக் கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்கள், நடுவில் சந்தை. தொம்மில் பாறை இடம் கொடுத்த அளவுக்குத்தான் கட்டம், ஓரமெல்லாம் கோணிக்கொண்டு போகிறது.

ஏற்றத்தில் முதல் வளைவிலேயே நான் கடைசி கியருக்கு இறங்கிவிட்டேன். அண்ணன் பொத்தானை அமுக்கிவிட்டு, "மெதுவா வா தம்பி" என்று விசிலடித்துக்கொண்டே போனார். மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு கணக்கு போட்டேன். அவர், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 120 கிலோ. அதை 150 மீட்டர் உயர்த்தக் கிட்டத்தட்ட 50 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். அவருடைய பேட்டரி 500 வாட்-மணி. ஆக, தொம் மாதிரி ஏழெட்டு ஏற்றம் ஏறினால் பேட்டரி காலி. என்னிடம் இருப்பது காலையில் சாப்பிட்ட ரொட்டியும் இரண்டு தொடையும்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. 20, 25 கிலோ கவசம் போட்டுக்கொண்டு, ஆயுதத்தையும் தூக்கிக்கொண்டு, மேலிருந்து அம்பு வரும்போது இதே ஏற்றத்தை ஏறுகிறவன் வாசலுக்கு வந்து சேரும்போது என்ன நிலையில் இருப்பான்? மதில் என்பது இரண்டாவது தடுப்பு. ஏற்றம்தான் முதல் மதில். கோட்டையை எந்த இடத்தில் கட்டுவது என்று முடிவு செய்தவன் பாதி யுத்தத்தை அப்போதே ஜெயித்துவிட்டான். கார் பார்க்கிங்கிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு இது அறிவாகத் தெரியலாம். சைக்கிள்காரனுக்கு முழங்காலில் தெரியும்.

கோபுர வாசல் வழியாக உள்ளே போனோம். இரண்டு பருத்த அரைவட்டக் கோபுரங்கள் நடுவே வாசல். 1307இல் டெம்ப்ளர் வீரத் துறவிகளை அரசன் ஒட்டுமொத்தமாகக் கைது செய்தபோது சிலரை இந்தக் கோபுரங்களில் அடைத்தார்கள் என்றும், சுவரிலிருக்கும் சிலுவைக் கீறல்கள் அவர்கள் கையால் ஆனவை என்றும் சொல்லப்படுகிறது.

எனக்குப் பிடித்தது வேறு கதை. ஆற்றைப் பார்த்த பக்கம் பாறை அவ்வளவு செங்குத்து, அங்கே மதிலே கட்டவில்லை. எவன் ஏறப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள். 1588இல் கத்தோலிக்க-புராட்டஸ்டண்டு மதப்போர்க் காலத்தில், புராட்டஸ்டண்டு தளபதி ழொஃப்ருவா தெ விவான் முப்பது பேரோடு இரவில் அந்தப் பாறையிலேயே ஏறினார். தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் இறங்கிப் பெரும் கூச்சல் போட்டார்கள். ஊர் கதிகலங்கி நிற்கும்போது உள்ளிருந்தே வாசலைத் திறந்து தன் படையை விட்டார்.

இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம். செஞ்சிக் கோட்டையையும் யாரும் பிடிக்க முடியாது என்றுதான் பேச்சு. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவில் அதைப் பிடித்துவிட்டார். 1761 வரை அது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. தொம் காட்சி மேடையில் சாய்ந்துகொண்டு இதை அண்ணனிடம் சொன்னேன். "காவல்காரன் தூங்கினா எந்தக் கோட்டையும் குட்டிச்சுவர்தான்" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் முதலில் தூரான் என்ற பூண்டு சூப். வாத்துக் கொழுப்பில் பூண்டை வதக்கி, முட்டையும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, அடியில் காய்ந்த ரொட்டி. பூண்டு ரசத்தில் புளிக்குப் பதில் வினிகர் போட்டால் வருகிற ருசி. கடைசி இரண்டு கரண்டி மிச்சமிருக்கும்போது, பரிமாறிய அம்மாள் சிவப்பு ஒயினை அதே கிண்ணத்தில் ஊற்றி, சுழற்றி, அப்படியே தூக்கிக் குடிக்கச் சொன்னார். ஷப்ரோல் என்று பெயர், இந்தப் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். அண்ணன் இரண்டாவது கிண்ணமும் கேட்டார், சூப்புக்காக இல்லை.

ஞாயிறு: லா ரோக் கஜாக், பெய்னாக்

காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே செனாக் வந்து, பாலம் தாண்டி, ஆற்றங்கரை வழியே லா ரோக் கஜாக். பாறைக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடைத்த ஒல்லி இடத்தில் வீடுகளை ஒன்றின் தோளில் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். 1957 ஜனவரியில் மேலிருந்து பாறை பெயர்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், வீடுகளும் போயின. அந்த வெளிறிய தழும்பு இன்னும் பாறையில் இருக்கிறது. பாதுகாப்பான இடம் என்று எதை நம்பி ஒண்டினார்களோ, அதுவே தலையில் விழுந்திருக்கிறது.

தெற்குப் பார்த்த பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் திருப்பிக் கொடுப்பதால் இங்கே பனை வகைகளும் மூங்கிலும் வாழையும் வளர்கின்றன. தேவாலயத்துக்குப் போகும் படியோரம் ஒரு வாழையைப் பார்த்ததும் அண்ணன் இலையைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு இலை போதும், மத்தியானச் சாப்பாட்டை முடிச்சிரலாம்." வெட்டவிடாமல் இழுத்து வந்தேன்.

கரையில் கபார் என்ற தட்டையடிப் படகுகள் சுற்றுலாவுக்கு நிற்கின்றன. ரயில் வரும்வரை இந்த ஆறுதான் நெடுஞ்சாலை. மேல்மலையிலிருந்து பீப்பாய்ப் பலகையும் திராட்சைக் கொடிக்கான கழியும் ஏற்றிக்கொண்டு போர்தோ பக்கத்து ஒயின் ஊர்களுக்குப் போவார்கள். மேற்பகுதியிலிருந்து வந்த சாதாரணப் படகுகள் திரும்பி வராது. எதிர்நீச்சலில் இழுப்பதைவிட லாபம் என்று, போன இடத்திலேயே படகையும் உடைத்து மரமாக விற்றுவிட்டு நடந்தே ஊர் திரும்புவார்களாம்.

பெய்னாக் போகும் சாலை குறுகல், கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் உரசிக்கொண்டு போகின்றன. இந்த நெரிசலுக்காகப் புறவழிச்சாலை போட ஆரம்பித்து ஆற்றுக்குள் தூண்களும் எழுப்பினார்கள். நிலக்காட்சி கெடும் என்று எதிர்ப்பு கிளம்பி, 2018 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. நான் எதிர்ப்பாளர்கள் பக்கம்தான். ஆனால் பேருந்தின் கண்ணாடி தோளை ஒட்டிப் போன அந்த ஒரு கிலோமீட்டரில் என் கொள்கை கொஞ்சம் ஆடியது.

பெய்னாக் கோட்டை ஆற்றுக்கு நேர் மேலே. படகுத்துறையிலிருந்து கல் பாவிய சந்து ஒன்று வீடுகளுக்கிடையே ஏறுகிறது. சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது. நாங்கள் சுற்றுச் சாலையில் போய்ப் பின்பக்கமாக மேட்டுநிலம் வழியாக வந்தோம். கோட்டையைப் புரிந்துகொள்ள இதுவே சரியான வழி என்று வந்த பிறகுதான் தெரிந்தது. ஆற்றுப்பக்கம் பாறையே போதும் என்று விட்டவர்கள், மேட்டுநிலப் பக்கம் அகழியும் இரட்டை மதிலும் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் ஏறச் சுலபமோ அந்தப் பக்கம்தான் கல்லும் காசும் செலவாகியிருக்கிறது.

சிங்க இதயன் என்று பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலாந்து அரசன் ரிச்சர்டு இந்தக் கோட்டையைத் தன் கூலிப்படைத் தலைவன் மெர்காதியேவிடம் கொடுத்து வைத்திருந்தான். 1199இல் இங்கிருந்து வடக்கே ஷாலூ என்ற சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் அம்பு பட்டு ரிச்சர்டு செத்தான். இங்கிலாந்து அரசனுக்கு இங்கே என்ன வேலை? 1152இல், இந்தப் பகுதியும் அடங்கிய அக்கித்தேன் நாட்டின் வாரிசு எலியனோர் கட்டிக்கொண்ட ஹென்றி, இரண்டே வருடத்தில் இங்கிலாந்து அரசன் ஆனான். சீதனமாக வந்த நாடு 300 வருடச் சண்டையாக முடிந்தது.

மேல்தளத்தில் நின்றால் எதிரே, ஆற்றுக்கு அப்பால், காஸ்தெல்னோ கோட்டை. அதற்கு நாளை.

திங்கள்: காஸ்தெல்னோ, மிலாந்த்

பெய்னாக் பிரெஞ்சுக்காரன் கோட்டை, காஸ்தெல்னோ ஆங்கிலேயன் கோட்டை, நடுவில் ஆறு எல்லை. சுற்றுலாப் படகில் எல்லாம் இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1337இல் தொடங்கி 1453 வரை நடந்த நூறாண்டுப் போரில் காஸ்தெல்னோ எத்தனையோ முறை கை மாறியது. 'ஆங்கிலேயர்' என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இதே மண்ணின் பிரபுக்கள், இதே பாஷை பேசியவர்கள். யார் அதிகம் கொடுத்தார்களோ, யார் தூரத்தில் இருந்தார்களோ அந்த அரசனுக்கு விசுவாசம். தூரத்து அரசன் என்றால் தொல்லை குறைவு. நம்மூர்ப் பாளையக்காரர் கதை தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

காஸ்தெல்னோ ஊரின் ஏற்றம் தொம்மைவிடக் குட்டை, ஆனால் முரடு. இரண்டு வளைவுக்குப் பிறகு இறங்கித் தள்ளினேன். அண்ணனின் பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம், இரவு விடுதியில் சார்ஜ் சரியாக ஏறவில்லை போல. பாதியில் மோட்டார் ஓய்ந்துவிட்டது. இனி 25 கிலோ இரும்பைத் தன் காலால் தள்ள வேண்டும். "இப்ப விசில் அடிங்கண்ணே" என்றேன். பதிலுக்கு வந்த விருதுநகர்த் தமிழை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

உள்ளே இடைக்காலப் போர்முறை அருங்காட்சியகம். வாள், கவசம், குறுக்குவில் எல்லாம் உண்டு, ஆனால் கூட்டம் நிற்பது வெளி மதிலில் வைத்திருக்கும் முழு அளவு கல்லெறி இயந்திரங்களின் முன்னால். திரெபுஷே என்ற பெரிய இயந்திரத்தின் உத்தி எளிமையானது. நீண்ட உத்திரம். அதன் குட்டைப் பக்கத்தில் மண்ணும் கல்லும் நிரப்பிய கனத்த பெட்டி, நெட்டைப் பக்கத்தில் கயிற்றுக் கவண். ஆட்கள் சக்கரத்தை மிதித்து உத்திரத்தைக் கீழே இழுத்துக் கட்டுவார்கள், பெட்டி மேலே போகும். கொக்கியைத் தட்டிவிட்டால் பெட்டி விழும், உத்திரம் சுழலும், கவண் அதைவிட வேகமாகச் சுழன்று உச்சியில் திறந்து கல்லை விடும். ஒரு கல் எறிந்தபின் மறுபடி தயாராக வெகுநேரம். அதே பெட்டிதான், அதே உயரம்தான் என்பதால் கல் ஏறத்தாழ அதே இடத்தில் போய் விழும். மதிலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க இதைவிட என்ன வேண்டும்? இருவரும் பொறியாளர்கள், அங்கேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. கவண் எந்தக் கோணத்தில் திறக்க வேண்டும் என்பதைக் கொக்கியின் வளைவை வைத்தே சரிசெய்கிறார்கள் என்று கண்டுபிடித்ததில் அண்ணனுக்குப் பேட்டரி சோகமே மறந்துவிட்டது.

1442இல் பிரெஞ்சுப் படை மூன்று வாரம் முற்றுகையிட்டு இந்தக் கோட்டையைக் கடைசியாக மீட்டது. மதில் உடைந்து விழவில்லை. உள்ளே இருந்த ஆங்கிலேயத் தலைவன் உயிருக்கு உத்தரவாதமும் கொஞ்சம் பொற்காசும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டான்.

இனி வருவது இந்தப் பயணத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். போர் ஓய்ந்தபின் காஸ்தெல்னோவின் பிரபு பிரான்சுவா தெ கோமோன். அவர் மனைவி க்ளோத் தெ கார்தையாக்குக்கு இந்த இருட்டுக் கோட்டை பிடிக்கவில்லை. குளிர், புகை, சன்னல் என்ற பெயரில் அம்பு விடும் இடுக்கு. எனக்கு வேறு வீடு கட்டிக்கொடு என்று கேட்டார். 1489இல் கீழ்நதிப் பக்கம் மிலாந்த் மாளிகை எழுந்தது. பெரிய சன்னல்கள், தோட்டம், வெளிச்சம். பீரங்கி வந்துவிட்ட காலம், உச்சியில் உட்கார்ந்து என்ன பயன் என்று ராணுவ வரலாறு சொல்லும். தினமும் அந்த ஏற்றத்தை ஏறி இறங்கிச் சலித்துப்போன ஒரு மனுஷியின் முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாளுக்கு என் ஓட்டு.

மிலாந்தை இன்று எல்லோரும் அறிவது ஜோசஃபின் பேக்கரால். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1906இல் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸில் ஆடிப் பாடி உலகப் புகழ் பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு வேலை பார்த்தார். 1947இல் இந்த மாளிகையை வாங்கி, பல நாடு, பல நிறக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து 'வானவில் குலம்' என்று பேர் வைத்து வளர்த்தார். கடன் கழுத்தை நெரித்தது. 1968இல் மாளிகை ஏலம் போனது, மறு வருடம் அவரை வெளியேற்றினார்கள். சமையலறை வாசற்படியில் தலையில் குல்லாயோடு, போர்வை போர்த்தி அவர் உட்கார்ந்திருக்கும் படம் உள்ளே மாட்டியிருக்கிறது. ஆடை ஆபரணம் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் மின்னினாலும் அந்தப் படத்தின் முன்னால்தான் ஆட்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். 2021இல் பிரான்ஸ் தன் பெருமக்களுக்கான பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தது. அந்த மரியாதை கிடைத்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

மாளிகை ஓட்டலில் சார்ஜ் போட அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். அல்லாஸ் பாலம் தாண்டி, வயல்வழியாக சான் சிப்ரியான். இரவு மழை.

செவ்வாய்: லே ஸெய்ஸி

குறைவான தூரம், நிறைய மேடுபள்ளம். தோர்தோஞ்சை விட்டு வெஸேர் நதிக்குத் தாண்டும் மேட்டில் மெய்ரால் என்ற அமைதியான ஊர். இங்கே கூரைக்கு ஓடு கிடையாது. லோஸ் என்ற தட்டைக் கல்லைச் சாந்து இல்லாமல் படுக்கையாக அடுக்கிக் கூரை போடுகிறார்கள். சதுர மீட்டருக்கு அரை டன் வரை எடை. அந்தப் பாரம் நேராகச் சுவரில் இறங்கட்டும் என்று கூரையைச் செங்குத்தாக வைக்கிறார்கள்.

லே ஸெய்ஸியில் ரயில் வந்த காலத்தில், 1868இல், சாலை வேலைக்குப் பாறையடியில் மண்ணெடுத்தபோது பழைய எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்தப் பாறையிடுக்கின் பெயர் குரோ-மாஞோன், பாடப்புத்தகத்தில் ஆதி மனிதனுக்கு நாம் மனப்பாடம் செய்த அதே பெயர். இன்றைக்கு அது ஒரு விடுதிக்குப் பின்பக்கம், சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டுப் பார்க்கலாம்.

மழை விடவில்லை, நான்கு மணிக்கே விடுதிக்குள் அடைந்தோம்.

புதன்: வெஸேர் வழியே தெராஸோன்

வெயில் வந்துவிட்டது. லா ரோக் சான் கிறிஸ்தோஃப் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாறைச்சுவர், ஆற்றுக்கு மேல் 80 மீட்டர். நடுவில் அடுக்கடுக்காகத் தாழ்வாரம் மாதிரி இயற்கைக் குடைவுகள். கற்காலத்தில் ஒதுங்கியவர்கள் உண்டு. வடக்கத்தி வைக்கிங்குகள் ஆற்றில் வந்து கொள்ளையடித்த காலத்தில் இதைக் கோட்டையாக்கினார்கள். பிறகு பாறைக்குள்ளேயே ஒரு ஊர், தேவாலயம் உட்பட. உத்திரம் செருகிய சதுரக் குழிகள், மாட்டைக் கட்டப் பாறையில் துளைத்த வளையங்கள், தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1588இல் மதப்போர் இதையும் அழித்தது. தொம்மில் விவான் ஏறிய அதே வருடம்.

மோந்திஞாக்கில் லாஸ்கோ, கற்கால ஓவியங்கள் உள்ள குகை. 1940 செப்டம்பர் 12ஆம் தேதி மார்செல் ரவிதா என்ற 18 வயது மெக்கானிக் பையனும் இன்னும் மூன்று பையன்களும் குகைக்குள் இறங்கினார்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மூச்சுக்காற்றும் வெளிச்சமும் பச்சைப் பாசியைக் கொண்டுவர, 1963இல் மல்ரோ மூடிவிட்டார், சார்லாவைக் காப்பாற்றிய அதே மல்ரோ. இன்று பார்ப்பது 2016இல் திறந்த முழு நகல். நகல்தானே என்று அலட்சியமாகப் போன அண்ணன், ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள எருதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாறையின் புடைப்பையே வயிறாகவும் தோளாகவும் வைத்து வரைந்திருக்கிறான் அந்த ஓவியன்.

அங்கிருந்து தெராஸோன் வரை ஆற்றோரமாக மட்டப்பாதை, பிறகு பிரீவ் வழியாகத் துலூஸ் ரயில்.

போக நினைப்பவர்களுக்கு: மே, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி நல்லது. ஜூலை, ஆகஸ்டில் சாலையெல்லாம் கார். முன்பக்கம் சின்னப் பல்சக்கரம் உள்ள வண்டி கட்டாயம். கோட்டைகளில் மூட்டையை வைக்க இடம் கேட்டால் பெரும்பாலும் டிக்கெட் கவுண்ட்டரிலேயே வாங்கிக்கொள்வார்கள். சின்ன ஊர்களில் திங்கட்கிழமை ரொட்டிக்கடை பல மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.